கண்ணாடி பார்த்து உங்களையே வரைய

மதுரையில் சுவர் விளம்பரமும் கட்-அவுட்டும் வரைந்து பிழைத்தவன் நான். ஃபிளெக்ஸ் வந்தது, பிரஷ்ஷுக்கு வேலை போனது. ஓய்வாக இருக்கிறோமே என்று என் முகத்தையே முதன்முதலாக வரைந்து காட்டினால், "யாரு, உங்க சித்தப்பாவா?" என்றாள் மனைவி.

போட்டோ மேல் கட்டம் போட்டுப் பெருக்குவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. இதற்கு அது வேண்டாம், கண்ணாடிதான். கையில் பிடிக்காமல் சுவரில் கண் மட்டத்துக்கு மாட்டுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரே ஒரு பல்பு. நிழல் விழுந்தால்தான் மூக்கு எழும்பும். 2பி பென்சில் போதும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தைச் சுற்றிச் சோப்புத் துண்டால் கோடு இழுங்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நிஜ முகத்தில் பாதிதான் இருக்கும். எவ்வளவு தள்ளிப் போனாலும் அதே பாதி! புதிதாக வரைகிறவர்கள் தாளிலும் அந்த அளவே வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட லேசு.

அடுத்தது கண். உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுப்பாதியில்தான் கண் வரும். நம்ப மாட்டீர்கள், பென்சிலை நீட்டி அளந்து பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் ஒரு கண் அகலம். நான் சறுக்கியது இங்கேதான். வழுக்கை ஏறிய நெற்றியைக் கை தானாகச் சுருக்க, கண் மேலே ஏறிவிட்டது. வரைந்தவர்களுக்கெல்லாம் பத்து வயது குறைத்தே பழகிய கை அது. மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையைப் போய்ப் பாருங்கள். ராஜாவுக்கே தொந்தியை மறைக்கவில்லை.

ரப்பரைத் தள்ளி வையுங்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484-இல், 13 வயதில், கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்தது பென்சிலால் அல்ல, வெள்ளிக் கம்பி முனையால். அந்தக் கோட்டை எளிதில் அழிக்க முடியாது. தப்பான கோடு இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள். அப்புறம் கண்ணை இடுக்கிப் பார்த்து, இருட்டாகத் தெரியும் இடங்களை மட்டும் ஷேடு செய்யுங்கள். இமை முடியெல்லாம் கடைசியில்.

இரண்டாவது படத்தை மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள். "நீங்கதான். ஆனா மச்சம் அங்கிட்டுல்ல இருக்கும்?"

கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும் என்று விளக்குவதைவிட, தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"ம், இப்பச் சரி."