களிமண்ணில் ஒரு தலை: கம்பிக் கூட்டிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு வரை

தெரிந்தவர் ஒருவரைத் தெருமுனையில் பின்னாலிருந்து பார்த்தாலே யாரென்று சொல்லிவிடுகிறோம். மண்டையின் வடிவம், பிடரி இறங்கும் விதம், கழுத்தின் சாய்வு, இவ்வளவு போதும். தலைச் சிற்பம் பயிலும் மாணவர் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஜாடை பெரிய வடிவத்தில் இருக்கிறது. அது தவறிய தலையில் கண்ணையும் உதட்டையும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் வேறு யாரோ ஒருவர்தான் வந்து உட்காருவார்.

மாடலை உட்காரவைத்து, அசல் அளவில் ஒரு தலையைக் களிமண்ணில் எடுத்து, பிளாஸ்டரில் வார்க்கும் வரையிலான வேலை இங்கே உள்ளது. அசல் அளவையே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் மாடல் மேல் வைத்த கேலிப்பரை (இரு முனைகளுக்கு இடையேயான தூரத்தை அளக்கும் கவைக் கருவி) கணக்குப் போடாமல் அப்படியே மண்ணில் வைத்துப் பார்க்க முடியும்.

மண்ணுக்கு முன் காகிதம்

கரித்துண்டும் மலிவான நியூஸ்பிரிண்ட் தாளும் போதும். மாடல் நிமிர்ந்து உட்காரட்டும். நீங்கள் எட்டு இடங்களில் நின்று வரையுங்கள்: முன், பின், இரு பக்கங்கள், இவற்றுக்கு இடைப்பட்ட நான்கு கோணங்கள். ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம். நிழல் தீட்ட வேண்டாம். வெளிக்கோடு, புருவம், மூக்கடி, தாடை நுனி ஆகியவற்றின் மட்டங்கள், கழுத்தின் சாய்வு, அவ்வளவுதான். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தூக்கிப் பிடித்தால் தாடை நுனி கழுத்துக்குழியைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது தெரியும். பக்கவாட்டில் பார்க்கும்போது கழுத்து செங்குத்தாக நிற்பதில்லை, முன்னோக்கிச் சாய்ந்தே தலையைத் தாங்குகிறது. தொடக்க மாணவர்களின் சிற்பங்களில் தலை குழாய் மேல் செருகியதுபோல் நிற்பதற்கு இந்தச் சாய்வைக் கவனிக்காததே காரணம்.

சென்னையில் படிப்பவர்களுக்கு மெரினாவில் நல்ல பயிற்சி காத்திருக்கிறது. ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959இல் அங்கே நிறுவப்பட்டது. அந்த நான்கு பேரின் கழுத்தும் முதுகும் பாரத்தில் எப்படி இறுகியிருக்கின்றன என்று ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுற்றிவந்து வரையுங்கள். இத்தனை பக்கங்களிலிருந்தும் பிசகாத வெளிக்கோடு புகைப்படத்தில் கிடைக்காது.

கம்பிக் கூடு

ஈர மண் கனமானது, தானாக நிற்காது. 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட்டில் 35 செ.மீ. சதுரப் பலகை ஒன்று வெட்டுங்கள். அடியில் இரண்டு ரீப்பர்களைத் திருகினால் பலகை ஈரத்தில் வளையாது, தூக்குவதற்கு விரல் நுழையவும் இடம் கிடைக்கும். நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி 22 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டை அல்லது முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை நிறுத்துங்கள். பைப் என்றால் அடியில் ஃபிளேஞ்ச் (திருகுத் துளைகள் உள்ள வட்டத் தட்டு) வைத்துத் திருக வேண்டும். மரம் முழுவதற்கும் இரண்டு கோட் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடியுங்கள். அடிக்காவிட்டால் மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், உள்ளிருந்தே விரிசல் விடும்.

கட்டையின் உச்சியில் தடித்த அலுமினியக் கம்பியால் இரண்டு வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். பெரியவர் ஒருவரின் தலை தாடையிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 22, 23 செ.மீ., அகலம் 15, முன்பின் ஆழம் 19 இருக்கும். கழுத்துக்கு 12 செ.மீ. விட்டால் உச்சி பலகையிலிருந்து 35 செ.மீ.க்கு வரும். வளையங்களின் மேல்முனை 31 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது; அகலம் 9, ஆழம் 12 போதும். எல்லாப் பக்கமும் கம்பிக்கு மேல் மூன்று செ.மீ. மண்ணாவது இருக்க வேண்டும். தலை திரும்பியோ சாய்ந்தோ இருக்கப் போகிறது என்றால் வளையங்களை இப்போதே அந்தப் பக்கம் வளையுங்கள். பின்னால் மனம் மாறினால் கம்பி தாடை வழியாகவோ பிடரி வழியாகவோ எட்டிப் பார்க்கும். அதைச் சரிசெய்ய மண்ணையெல்லாம் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

வளையங்களுக்குள் மண் வழுக்கி இறங்காமலிருக்க, ஐந்து செ.மீ. நீளக் குச்சிகள் இரண்டைக் கூட்டல் குறிபோல் கட்டி, மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள். ஸ்டூடியோவில் இதைப் பட்டாம்பூச்சி என்பார்கள். ஒரு தலைக்கு மூன்று நான்கு போதும். தாடைக்குள் ஒன்று கட்டாயம் வேண்டும், முதலில் தொங்குவது தாடைதான்.

மண்

12 முதல் 15 கிலோ தேவைப்படும். சென்னையில் கொசப்பேட்டை போல மண்வேலை நடக்கும் இடங்களிலும், ஊர்ப்பக்கம் குயவர்களிடமும் பிசைந்த மண்ணாகவே வாங்கலாம். ஒரு துண்டை விரல் தடிமனுக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரிசல் விட்டால் ஈரம் போதாது, கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். கல்லும் வேரும் இருந்தால் இப்போதே பொறுக்கிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். துணி மூக்கில் படாமலிருக்கச் சில குச்சிகளை உச்சியிலும் நெற்றியிலும் குத்தி வையுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்கவே கூடாது. மண் காய்ந்தால் சுருங்கும், உள்ளே இருக்கும் கட்டை சுருங்காது. விரிசல் விழுவது இதனால்தான். கூட்டின் மேல் செய்த தலையைக் காயவைத்துச் சூளையில் வைக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

கட்டி எழுப்புதல்

மாடலின் கண்மட்டமும் மண் தலையின் கண்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வர வேண்டும். இரண்டு டியூப்லைட் எதிரெதிரே எரிந்தால் பள்ளமும் மேடும் கண்ணுக்குத் தெரியாது. நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் குறியிடுங்கள். 20 நிமிடம் உட்கார்ந்தால் 5 நிமிடம் ஓய்வு என்பது மாடலுக்குத் தர வேண்டிய மரியாதை. களைத்த கழுத்து சாய்ந்துபோவதால் உங்கள் வேலையும் கெடும்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். மண்ணைச் சிறு உருண்டைகளாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுங்கள். பெரிய கட்டியை அப்பினால் உள்ளே காற்று நிற்கும், பின்னால் அந்த இடமே பெயர்ந்து வரும். கழுத்தை அடுத்து மண்டை முட்டை வடிவம், அதன்பின் முகம். முதல் அமர்வில் கண், மூக்கு, வாய் எதையும் தொட வேண்டாம். மண்டையின் பின்பகுதி பெரும்பாலும் போதாமலேயே இருக்கும், ஏனென்றால் எல்லோரும் முன்னால் நின்றே வேலை செய்கிறார்கள். காதுக்குப் பின்னால் எவ்வளவு தலை இருக்கிறது என்று பக்கவாட்டுப் படத்தில் அளந்து பாருங்கள்.

இனி கேலிப்பர். காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டிலிருந்து தாடை நுனி, மூக்கடி, புருவ நடு ஆகிய மூன்றுக்கும் தூரம் எடுங்கள். இரண்டு காதுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். வலமும் இடமும் சமமாக இராது. கேலிப்பர் முனையை மாடலின் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், கண் அளவுகளைக் கண்ணாலேயே எடுங்கள். மண்ணில் அந்தந்தப் புள்ளியில் தீக்குச்சியைக் குத்தி, அதன் தலை சரியான தூரத்தில் நிற்கும்படி வையுங்கள். குச்சியின் தலைவரை மண்ணை நிரப்பினால் போதும். குச்சி மண்ணுக்குள் மறைந்தால் நீங்கள் கூட்டிவிட்டீர்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் இடமிருக்கிறது.

அதன் பிறகு சுற்றத் தொடங்குங்கள். மாடலையும் மண்ணையும் ஒரே அளவு, சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் வெளிக்கோட்டை மட்டும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் 'வெண்கல யுகம்' சிலை 1877இல் பிரஸ்ஸல்ஸில் காட்சிக்கு வந்தபோது, உயிருள்ள ஆள் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். மாடலைச் சுற்றிவந்து வெளிக்கோடு வெளிக்கோடாகச் சரிபார்க்கும் அவர் முறை அவ்வளவு துல்லியம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவற்றைக் கற்றுக்கொள்வது எளிது.

ஸ்டூல் மேல் ஏறி மாடலின் தலையை உச்சியிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். முகம் தட்டையான பலகை இல்லை என்பது அங்கேதான் உறைக்கும். வெளிக் கண்முனை மூக்குத்தண்டைவிட வெகுவாகப் பின்னால் இருக்கும். வாய், பல்வரிசையின் வளைவைச் சுற்றிச் செல்லும். 'முன்னாலிருந்து பார்த்தால் சரி, பக்கத்திலிருந்து பார்த்தால் முகமூடி' என்ற நிலை இந்த வளைவைத் தவறவிட்டதால் வருவது.

கண்ணுக்கு முதலில் குழிவெட்டி, ஓர் உருண்டையை உள்ளே வைத்து, மேலிமையையும் கீழிமையையும் தனித்தனிப் பட்டையாக அதன்மேல் போர்த்துங்கள். மேலிமை கீழிமையைவிட முன்னால் நிற்கும். காது, தலை நிமிர்ந்திருக்கும்போது புருவ மட்டத்துக்கும் மூக்கடி மட்டத்துக்கும் நடுவில், சற்றுப் பின்சாய்ந்து இருக்கும். கழுத்தில் காதின் பின்னெலும்பிலிருந்து கழுத்துக்குழிக்கு இறங்கும் தசையைத் தெளிவாக எடுங்கள், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான். முடியை இழை இழையாகக் கீறாதீர்கள். எண்ணெய் வைத்து வாரிய தலை மண்டையோடு ஒட்டிய ஒரே பரப்பு, கொண்டை தனியொரு கனம்.

தண்ணீர் தொட்டுத் தொட்டு வழவழப்பாக்குவது வேண்டாம். தளங்கள் மழுங்கிப்போகும், முகம் சோப்புக்கட்டிபோல் ஆகிவிடும்.

உடைத்தெடுக்கும் அச்சு

ஒரே ஒரு வார்ப்பு போதுமென்றால் இதுவே மலிவான முறை. அச்சை உடைத்துத்தான் வார்ப்பை வெளியே எடுக்கிறோம் என்பதால் காதுமடலும் மூக்குத்துளையும் சிக்குமே என்ற கவலை இல்லை. பத்து கிலோ புதிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்குங்கள். மழைக்காலத்தில் திறந்துகிடந்த மூட்டை ஈரம் குடித்திருக்கும், சரியாக இறுகாது. தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள்.

குளிர்பான டின்னை 4 செ.மீ.க்கு 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து காதுக்குப் பின்னால் ஏறி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் கோட்டில், ஒன்றையொன்று தொட்டபடி ஒரு செ.மீ. ஆழத்துக்குக் குத்துங்கள். முகம் முழுதும் ஒரு பாகம், பின்மண்டை ஒரு பாகம்.

எப்போதும் தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி விழும். அரை லிட்டர் தண்ணீருக்கு சுமார் 700 கிராம். தூள் தண்ணீர்மட்டத்துக்கு மேல் தீவுபோல் நிற்கும்போது நிறுத்தி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் அடியிலிருந்து கலக்குங்கள். முதல் பூச்சுக்கான தண்ணீரில் மட்டும் சொட்டு நீலம் சில துளிகள் விடுங்கள். அந்த நீலக் கலவையை விரலால் தெறித்தும் வாயால் ஊதியும் பள்ளங்களுக்குள் செலுத்தி, நான்கு மி.மீ. தடிமனுக்குப் பூசுங்கள். அது இறுகியதும் மேலே களிமண் கரைசலைத் தடவி, விளிம்பில் மூன்று செ.மீ. மட்டும் தடவாமல் விடுங்கள். அடுத்து வெள்ளைப் பூச்சு, இரண்டு செ.மீ., தேங்காய் நாரைத் தோய்த்து இடையில் வைத்து. டின் விளிம்பு வெளியே தெரியும்படி சுரண்டிவிடுங்கள்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கையையோ முகத்தையோ தடிமனான பிளாஸ்டருக்குள் புதைத்து அச்செடுக்க முயல வேண்டாம், தோல் வெந்துவிடும். மிச்சக் கலவையைத் தொட்டியில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியிலேயே இறுகவிட்டு உடைத்துக் கொட்டுங்கள்.

சூடு முழுதும் ஆறியபின் இணைப்புக் கோட்டில் தண்ணீர் ஊற்றி, மர ஆப்புகளைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் பின்மண்டைப் பாகம் விலகும். மண்ணைத் தோண்டி, கூட்டை உருவி, உள்ளே மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். அச்சு ஈரமாக இருக்கும்போதே சோப்புக் கரைசலை மூன்று முறை பூசி, நுரையைத் துடைத்து, கடைசியில் தேங்காய் எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவுங்கள். எண்ணெய் தேங்கிய இடத்தில் வார்ப்பில் ஊசித்துளைகள் விழும்.

இரு பாகங்களையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, இணைப்பைக் களிமண்ணால் அடைத்து, கழுத்து மேலே இருக்கும்படி கவிழ்த்து நிறுத்துங்கள். ஒரு லிட்டர் கலவையை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிச் சுழற்றி, மீதியை வடித்துவிடுங்கள். இப்படியே இரண்டு மூன்று முறை, சுவர் ஒன்றரை செ.மீ. ஆகும்வரை. மூக்கும் தாடையும் உள்ளே குழிந்த பகுதிகள் என்பதால் அங்கே காற்று தங்கும். முதல் ஊற்றில் அச்சை வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருங்கள்.

மறுநாள் உடைக்கலாம். மழுங்கிய ஓரங்குல உளியும் மரச் சுத்தியும் வேண்டும். உளியைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டுங்கள், நெம்பாதீர்கள். உச்சியில் தொடங்கி வெள்ளையை எடுங்கள். நீலம் தெரிந்ததும் அடி மெதுவாகட்டும், அதற்கடியில் சில மி.மீ.யில் உங்கள் வேலை இருக்கிறது. காதையும் மூக்கையும் கடைசிக்கு வையுங்கள். முறிந்த துண்டு ஏதாவது விழுந்தால் தூக்கி எறியாமல் எடுத்து வைத்து, உலர்ந்தபின் பசையால் ஒட்டலாம். சிறு துளைகளை நிரப்புமுன் அந்த இடத்தை நன்றாக நனையுங்கள். உலர்ந்த பிளாஸ்டர் புதுக் கலவையின் தண்ணீரை உடனே உறிஞ்சுவதால் நிரப்பியது தூளாக உதிரும். நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் உலர்ந்து, தூக்கும்போது எடை குறைந்தது கையில் தெரிந்தால், ஷெல்லாக்கோ வண்ணமோ அடிக்கலாம்.