பந்தல் காலும் புள்ளிக் கோலமும்: எண் வரிசைக்கு விதி கண்டுபிடிப்பது எப்படி?

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. போன வாரம் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். "4, 6, 8, 10 இருக்கு. அடுத்தது 12ன்னு எழுதிட்டேன் சித்தி. 50ஆவது எண் என்னன்னு கேட்டிருக்காங்க. அதுவரைக்கும் எழுதிக்கிட்டே போகவா?"

போகலாம், தப்பில்லை. ஒரு பக்கம் தீரும், நடுவில் ஒரு எண் தவறினால் கடைசிவரை தவறும். எழுதாமலே சொல்ல விதி வேண்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன்.

படி 1: இடத்தை எழுதுங்கள்

இடம்: 1, 2, 3, 4
எண்: 4, 6, 8, 10

பிள்ளைகள் பலர் மேல் வரியை எழுதுவதே இல்லை. அதனால்தான் "ரெண்டு ரெண்டா கூடுது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகிற வழி. நமக்கு வேண்டியது இடத்திலிருந்து நேரே எண்ணுக்குப் போகிற வழி.

படி 2: வித்தியாசம் பாருங்கள்

பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் எல்லா இடத்திலும் 2. வித்தியாசம் மாறவில்லை என்றால் அதே 2ஆல் இடத்தைப் பெருக்குங்கள்: 2, 4, 6, 8. நம் வரிசையோ 4, 6, 8, 10. எங்கே பார்த்தாலும் 2 குறைகிறது. ஆகவே விதி, இடம் × 2 + 2. நாலாவது இடத்தில் வைத்துப் பாருங்கள்: 8 + 2 = 10, சரி. 50ஆவது எண் 102.

படி 3: அந்தக் கூட்டல் எங்கிருந்து வந்தது?

விடை வந்ததும் நோட்டை மூடப் பார்த்தாள். விடவில்லை. "+2 எதுக்கு?" என்றேன். முழித்தாள்.

சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வரும் கூட்டத்துக்காகத் தெருத்தெருவாக நீர்மோர்ப் பந்தல் போடுவார்களே, அதை நினைவுபடுத்தினேன். ஒரு சதுரப் பந்தலுக்கு நாலு கால். ஒட்டி இன்னொரு சதுரம் நீட்ட மறுபடி நாலு கால் வேண்டாம், இரண்டு போதும். மற்ற இரண்டும் ஏற்கெனவே நிற்கின்றன. மூன்று சதுரத்துக்கு 8, நாலுக்கு 10. ஆக, சதுரத்துக்கு இரண்டு கால். முன்னால் வாசலில் நிற்கிற இரண்டு கால்தான் அந்த +2.

இது பிடிபட்டால் திருப்பியும் கேட்கலாம். 60 கால் இருந்தால் எத்தனை சதுரம்? வாசல் காலைக் கழித்தால் 58, அதில் பாதி 29.

வித்தியாசமே மாறினால்?

மார்கழிக் கோலம்தான் இதற்கு நல்ல பாடம். "5 புள்ளி, ஊடுபுள்ளி, 1 வரை" என்றால், ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வரும்படி, 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1 என்று வரிசைகள் வரும். மொத்தம் 25 புள்ளி. 1 புள்ளிக் கோலத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினால் மொத்தம் 1, 4, 9, 16, 25. வித்தியாசம் 3, 5, 7, 9. அது மாறுகிறது, ஆனால் அதன் வித்தியாசம் எப்போதும் 2. இப்படி வந்தால் இடத்தை இடத்தாலேயே பெருக்கிப் பாருங்கள். 5 × 5 = 25. ஏன் என்று தெரிய, கோலத்தைச் சாய்வாகப் பாருங்கள்: சரிந்து நிற்கும் 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி.

புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கிற நேர்ப்புள்ளியில் கணக்கு வேறு. 1, 3, 5, 3, 1 வைத்தால் 13. இந்த வகையில் மொத்தம் 1, 5, 13, 25 என்று போகும். சதுரங்கக் கட்டம்போல மாற்றி மாற்றி இரண்டு நிறப் பொடியில் புள்ளி வையுங்கள். 13 என்பது 9ம் 4ம், 25 என்பது 16ம் 9ம் என்று பிரிந்து நிற்கும். அடுத்தது 25ம் 16ம் சேர்ந்து 41.

3, 6, 12, 24 போல வந்தால் கழிப்பதில் பயனில்லை; வித்தியாசமும் 3, 6, 12 என்று அதே வரிசையாகவே வரும். வகுத்துப் பாருங்கள், 2 மடங்கு என்று தெரிந்துவிடும்.

சொந்தமாக ஒரு விதி

விதியை முதலில் எழுதி, இடத்தைப் போட்டு எண்களை எடுப்பது சுலபம். இடம் × 5 − 3 என்றால் 2, 7, 12, 17. ஆனால் மூன்றே எண்ணைக் கொடுத்து அடுத்தது என்ன என்று கேட்காதீர்கள். 1, 2, 4க்கு அடுத்தது இரட்டித்தால் 8; 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டு போனால் 7. சின்ன வயதில் நான் 7 எழுதிச் சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கினேன். அந்த வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எத்தனை எண் கொடுத்தாலும் வேறொரு விதியும் பொருந்தக்கூடும். அதனால் எண்களோடு பந்தலையோ கோலத்தையோ சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

அவள் தானாக ஒன்று போட்டாள். அகலத்தில் இரண்டு சதுரம் வருகிற பெரிய பந்தல்: 6, 9, 12, 15. விதி, இடம் × 3 + 3. நான் வாயைத் திறப்பதற்குள், "வாசல்ல நிக்கிற மூணு கால் சித்தி" என்றாள்.