தாடை மூட்டின் அசைவை எம்ஆர்ஐயில் பிடிப்பது எப்படி

வாய் திறந்தால் ‘டக்’கென்று சத்தம், கொட்டாவி விட்டால் தாடை பிடித்துக்கொள்கிறது என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பல் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களுக்கு முதலில் எடுப்பது ஓபிஜி எக்ஸ்ரே (இரு தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே). அதில் எலும்புதான் தெரியும். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூட்டுக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்). அதைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஒரு ஸ்கேல் எடுங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே எவ்வளவு திறக்கிறது (பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மி.மீ. அல்லது அதற்கு மேல்), எத்தனை மி.மீட்டரில் சத்தம், தாடை எந்தப் பக்கம் கோணுகிறது என்று சீட்டில் எழுதுங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டென்றால் கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். நார் நாராக இறுகியிருந்தால் வாய் திறக்காததற்கு மூட்டு காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பேஸ்மேக்கர், காது இம்ப்ளான்ட் பற்றிக் கேட்காமல் யாரையும் உள்ளே விடக்கூடாது. ஆச்சிமார் வைரத்தோட்டைக் கட்டாயம் கழற்ற வேண்டும். மூட்டு காதுக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது, தோடு இருந்தால் அந்த இடமே படத்தில் கறுத்துச் சிதைந்துவிடும். வருஷக்கணக்கில் கழற்றாத திருகாணி ஸ்கேன் அறையில் வந்து அசையாது. முதல் நாளே வீட்டில் எண்ணெய் விட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள். அன்று சீப்புச்சீடை, மணகோலம் மாதிரிக் கடினமானதும் வேண்டாம். தசை வலித்தால் வாய் முழுதாகத் திறக்காது.

இரண்டு காது முன்னும் சிறிய சர்ஃபேஸ் காயில் (சிக்னலை வாங்கும் சுருள்) வையுங்கள். முதலில் குறுக்குவெட்டுப் படம் எடுத்து, தாடைத் தலையின் (மூட்டுக்குள் பொருந்தும் கீழ்த்தாடை எலும்பின் உருண்ட முனை) நீளவாக்கு அச்சைப் பாருங்கள். பக்கவாட்டு ஸ்லைஸ்கள் (படத் துண்டுகள்) அந்த அச்சுக்குச் செங்குத்தாக, 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக இருக்கட்டும். வலமும் இடமும் ஒரே கோணத்தில் இருக்காது, தனித்தனியாகப் போடுங்கள். வட்டைப் பார்க்கப் புரோட்டான் டென்சிட்டி, நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க டி2 என்ற எம்ஆர்ஐ பட வகைகளை எடுங்கள்.

வாய் திறந்த படம்தான் அதிகம் கெடும். தாங்கல் இல்லாவிட்டால் தாடை சோர்ந்து மெல்ல மூடும், படம் கலங்கும். ஊசி கழற்றிய பிளாஸ்டிக் சிரிஞ்சுக் குழலையோ டேப் சுற்றிய மரக்குச்சிக் கட்டையோ கடிக்கக் கொடுங்கள்; உள்ளே நழுவாமல் நூல் கட்டி வெளியே விடுங்கள். எச்சில் விழுங்கியபின் சீக்வென்ஸை (ஒரு தொகுதிப் படமெடுப்பை) தொடங்குங்கள். வாய் திறந்ததில் தாடைத் தலை முன்னால் நகர்ந்திருக்கும் என்பதால் ஸ்லைஸை மறுபடி குறியுங்கள். பூட்டிக்கொண்ட தாடையை வலிந்து திறக்கவே கூடாது.

5 மி.மீ. படிகளாகத் திறந்து எடுத்த படங்களைக் கோத்தால் அசைவு மாதிரித் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் தாடை தாங்கலில் ஓய்ந்திருக்கிறது. உண்மையான அசைவுக்கு ஒற்றை ஸ்லைஸில் வேகமான சினி சீக்வென்ஸ் (வீடியோபோல் ஓடும் தொடர் படம்) வேண்டும்: மெதுவாகத் திறந்து மெதுவாக மூடச் சொல்லுங்கள். வட்டு சற்று மங்கலாகத்தான் தெரியும், அதனால் நிலைப்படங்களை விட்டுவிடாதீர்கள்.

மூடிய வாயில் வட்டின் பின்விளிம்பு தாடைத் தலைக்கு மேல், கடிகாரத்தில் 12 மணி இடத்தில் நிற்கும். திறந்ததும் உடுக்கைபோல் இடை ஒடுங்கி, தாடைத் தலைக்கும் மூட்டுக்கு முன்னாலுள்ள எலும்பு மேட்டுக்கும் நடுவே இருக்கும். மூடும்போது முன்னால் விலகி, திறக்கும்போது இடத்துக்கு வந்தால் சத்தத்தின் காரணம் அது. திறந்த பிறகும் முன்னாலேயே மடங்கிக் கிடந்தால் வட்டு திரும்பவில்லை. வலியே இல்லாத பலருக்கும் வட்டு விலகியிருக்கும்; படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்கக்கூடாது.

ஃபிலிமில் அசைவு தெரியாது. சினி கோப்புகளோடு சிடி கேட்டு வாங்குங்கள்.