ஆங்கில வகுப்புக்கு ஒரு மரப்பட்டை மனு

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பூர்வகுடி வரலாறு என்றதும் தனியாக ஒரு வாரம் ஒதுக்கி, ஒரு கதையை வாசித்து, படம் வரைய வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். வாதம் எழுதும் பாடம் எப்படியும் வரும் இல்லையா, அங்கேயே யிர்கலா என்ற ஊரிலிருந்து 1963இல் போன மனுக்களைக் கொண்டுவாருங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்திலுள்ள ஆர்னம் லேண்டில் தங்கள் நிலத்தின் ஒரு பகுதியை பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கத்துக்காக அரசு எடுத்துக்கொண்டபோது, அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குல ஓவியங்களைத் தீட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

யாருக்கு எழுதுகிறார்கள், ஏன் இரண்டு மொழி, வெறும் தாளாக அனுப்பியிருந்தால் வாதத்தில் என்ன குறைந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்த ஓவியம் அலங்காரமே இல்லை, நிலம் எங்களுடையது என்பதற்கான சான்று. சுரங்கம் நிற்கவில்லை, அதை எதிர்த்து யோல்ங்கு மக்கள் போட்ட வழக்கும் 1971இல் தோற்றது, ஆனால் 1976இல் வடக்குப் பிரதேசத்துக்குப் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. இதையும் விடாமல் சொல்லுங்கள்.

அப்புறம், வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருந்தால் 'நீ சொல்லு' என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்த வேண்டாம். இறந்துபோன பூர்வகுடியினரின் படமோ குரலோ வருமென்றால், அது அவர்கள் மக்களை வருத்தக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளி இருப்பது எந்தப் பூர்வகுடிச் சமூகத்தின் நிலம் என்று தெரிந்துகொண்டு, எந்தக் கதையை வகுப்பில் சொல்லலாம் என்று அந்தச் சமூகத்தின் பெரியவர்களிடமே கேளுங்கள்.