பார்சல் பெயரில் வரும் பொய் மின்னஞ்சலை இனங்காணும் முறை

“உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. முகவரி முழுமையாக இல்லாததால் ஒப்படைக்க முடியவில்லை. 24 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்தி, மறுவிநியோகக் கட்டணத்தைச் செலுத்தவும்.” அஞ்சல் துறையின் சிவப்பும் மஞ்சளுமான சின்னத்துடன் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், எதையோ வாங்கிவிட்டுக் காத்திருப்பவர் அதை நம்புவதில் வியப்பில்லை. குறுஞ்செய்தியாகவும் இதே வாசகம் பலமுறை வலம் வந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் இந்திய அஞ்சல் துறையின் இணைய முகவரியைப் போலத் தோன்றும் 470-க்கும் மேற்பட்ட போலி முகவரிகள் பதிவு செய்யப்பட்டதாக ஃபோர்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. முகவரியைத் திருத்தச் சொல்லி இத்தகைய செய்திகளை அஞ்சல் துறை அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் விளக்கம் தந்திருக்கிறது.

எழுத்துப்பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை இனி நம்பியிருக்க முடியாது. பிழையற்ற வாசகத்தை இன்று எவரும் நொடியில் எழுதிக்கொள்ளலாம், சின்னத்தையும் நகலெடுத்துக்கொள்ளலாம். ஆகவே தோற்றத்தை ஒதுக்கிவிட்டு, அனுப்பியவரின் முகவரி, இணைப்பு செல்லும் இடம், பார்சலின் எண் ஆகிய மூன்றையும் பார்ப்பதே பயன்தரும்.

முதலில் அனுப்பியவரின் முகவரி. ‘இந்தியா போஸ்ட்’ என்று மேலே தெரிவது வெறும் பெயர். அதை அனுப்புகிறவர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஜிமெயிலில் அந்தப் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் உண்மையான மின்னஞ்சல் முகவரி விரியும். அங்கே தொடர்பே இல்லாத ஏதோ ஒரு கடையின் பெயரோ இலவச மின்னஞ்சல் கணக்கோ இருந்தால், மேற்கொண்டு ஆராய எதுவும் இல்லை.

அடுத்தது இணைப்பு. கணினியில் சுட்டியை அதன்மேல் வைத்தாலே, சொடுக்காமல், அது செல்லும் முகவரி திரையின் அடியில் தெரியும். கைபேசியில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் தெரியும். அந்த முகவரியைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரையுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அஞ்சல் துறையின் முகவரி ‘இந்தியாபோஸ்ட் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். ‘ஜிஓவி டாட் இன்’ என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. ‘இந்தியாபோஸ்ட் டாட் ஜிஓவி டாட் இன் டாட் டெலிவரி டாட் டாப்’ என்று இருந்தாலோ, அது ‘டெலிவரி டாட் டாப்’ என்ற முகவரியை வைத்திருப்பவருடைய தளம். முன்னால் உள்ள அரசுப் பெயர் அவர் தம் வாசலில் மாட்டிக்கொண்ட பலகை, அவ்வளவுதான். பூட்டுக் குறி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வேறொருவர் படிக்க முடியாது என்பதற்கு மேல் அந்தக் குறிக்குப் பொருளில்லை. இந்தத் தவறான நம்பிக்கையைப் பார்த்துத்தான் 2023-இல் குரோம் உலாவி அதைத் தூக்கிவிட்டு வேறு குறியை வைத்தது.

மூன்றாவதான பார்சல் எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. ஸ்பீட் போஸ்ட் எண்ணில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐஎன்’ என்று மொத்தம் 13 குறிகள் இருக்கும். ஒன்பதாவது இலக்கம் முதல் எட்டு இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். மின்னஞ்சலில் 507182634 என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 179 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. 11-இலிருந்து 3 போக 8. ஆகவே கடைசி இலக்கம் 8 ஆக இருந்திருக்க வேண்டும். 4 என்று இருப்பதால் அந்த எண் கற்பனை. (கழித்து வரும் விடை 10 என்றால் 0, 11 என்றால் 5 என்று கொள்ள வேண்டும்.) கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் மின்னஞ்சல் உண்மையாகிவிடாது, உண்மையான எண்ணையும் யாரும் எடுத்து எழுதலாம்.

இதைவிடக் குழப்பமானது வெளிநாட்டுப் பார்சல். தபாலில் வரும் பொருளுக்குச் சுங்கவரி இருந்தால் ஒப்படைக்கும்போது தபால்காரர் வசூலிப்பது வழக்கம். தனியார் கூரியர் நிறுவனங்களோ அடையாள ஆவணத்தையும் வரியையும் இணையவழியில் கேட்பது உண்மையாகவே உண்டு. எனவே பணம் கேட்கும் மின்னஞ்சல் எல்லாமே போலி என்று சொல்லிவிட முடியாது. எதுவாயினும், அந்த இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, பொருளை விற்றவர் உங்களுக்குத் தந்திருக்கும் எண்ணை அங்கே இட்டுப் பாருங்கள். கட்டணம் உண்மையில் நிலுவையில் இருந்தால் அங்கும் தெரியும். அஞ்சல் துறையிடம் கேட்க 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பொருள் எதையுமே வாங்காதவருக்கு இந்தச் சிரமமும் தேவையில்லை.

மறுவிநியோகக் கட்டணம் 25 ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று எண்ணுவோர் உண்டு. அந்தத் தொகை வெறும் தூண்டில் புழு. கேட்பவருக்கு வேண்டியது அட்டை எண்ணும் ஓடிபியும். வங்கி அனுப்பும் ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தத் தொகைக்கு, யாருக்கு என்பதையும் முழுமையாகப் படியுங்கள்: அவர்களுடைய இணையப் பக்கத்தில் 25 என்றிருக்க, செய்தியில் 25,000 என்று இருக்கலாம், அல்லது உங்கள் அட்டையை வேறொரு கைபேசியில் சேர்ப்பதற்கான அனுமதியாக இருக்கலாம். ரசீது என்ற பெயரில் இணைக்கப்பட்ட சுருக்கக் (ஜிப்) கோப்பையோ, நிறுவச் சொல்லும் செயலியையோ திறக்கவே வேண்டாம்.

விவரங்களைக் கொடுத்துவிட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். உடனே 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் பதியுங்கள். நாமே ஓடிபியைக் கொடுத்து ஏற்பட்ட இழப்பை நாமே ஏற்க வேண்டும் என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நிகழும் இழப்பு வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் கூறியது; எனவே புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். அந்த மின்னஞ்சலையும் கோபத்தில் அழித்துவிட வேண்டாம். புகாருடன் அதையும் கேட்பார்கள்.