சைலன்சரை மாற்றும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். மதுரையில் இன்சூரன்ஸ் சர்வேயர். பட்டறைக்குப் போனதும் அடி எங்கே என்று தேட மாட்டேன். ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், நிறம் என்று வண்டியோடு ஒத்துப் பார்ப்பேன். ஆர்.சி.யில் கறுப்பு, எதிரே நிற்பது மிலிட்டரிப் பச்சை என்றால் அங்கேயே கேள்வி கிளம்பிவிடும்.

பைக்கின் நிறத்தை மாற்ற ஆசையா? தாராளமாக மாற்றுங்கள். ஆனால் ஆர்.டி.ஓ.வில் மனுக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள், நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புங்கள். கடன் முடியாத வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

வண்டியின் அடிப்படையில் கை வைப்பது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சைலன்சருக்குத் தனிக் கணக்கு. 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குக்கே ஒலி வரம்பு 80 டெசிபல்தான். அதைத் தாண்டிக் கத்தும் சைலன்சருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒயரிங். தீப்பிடித்த பைக் என்றால் முதலில் டாங்க்கைக் கழற்றச் சொல்வேன். ஃபாக் லைட்டுக்காக மெயின் ஒயரை நடுவில் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். லைட்டுக்குத் தனியாகக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலேயும் இருக்காது, ஃபியூஸும் இருக்காது. உருகிய பிளாஸ்டிக்குக்குள் செம்புக் கம்பி மட்டும் பளபளவென்று தெரியும். தீ அங்கிருந்துதான் கிளம்பியது என்று தெரிந்தால் நான் அப்படித்தான் எழுத முடியும். அதற்குப் பிறகு ஓன் டேமேஜ் க்ளெய்ம், அதாவது உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கேட்கும் இழப்பீடு, நிற்பது கஷ்டம். லைட் போட்டே ஆக வேண்டும் என்றால் ரிலே, ஃபியூஸ், தனி ஒயர் வைத்துத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் வண்டி மோதி அடிபட்டவருக்கான தேர்ட் பார்ட்டி இழப்பீட்டை, வண்டியை மாற்றியிருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக இன்சூரன்ஸ் கம்பெனி எளிதில் மறுத்துவிட முடியாது. உங்கள் கைக்காசு போவது உங்கள் வண்டியைச் சரிசெய்யும் செலவில்தான்.

சரி, 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது என்ன ஆகும்? பிரேக் இன்ஸ்பெக்டர் இண்டிகேட்டர், கண்ணாடி, நம்பர் பிளேட், புகைச் சான்று எல்லாம் பார்ப்பார். பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் சாரி கார்டு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் ஆகியவை விதியிலேயே இருப்பவை. அழகாக இல்லை என்று இளைஞர்கள் முதலில் கழற்றுவது இந்தச் சாரி கார்டைத்தான். தயவுசெய்து கழற்றாதீர்கள். துப்பட்டாவின் நுனி ஸ்போக்கில் ஒருமுறை சிக்கினால் போதும், வண்டி நிற்பதற்குள் கழுத்து இறுகிவிடும். பின்னால் உட்காருவது உங்கள் அம்மாவாகவோ தங்கையாகவோ இருப்பார்.

கழற்றும் எந்த ஒரிஜினல் பாகத்தையும் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். பழைய மாடலுக்கு அந்தச் சைலன்சரைத் தேடி அலைவது லேசான வேலையில்லை.

அப்புறம் பாலிசி. கூடுதலாகப் போட்ட லைட், பெட்டி எல்லாவற்றையும் போட்டோவும் பில்லுமாகக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட், அதாவது அவற்றையும் சேர்த்து எழுதிய குறிப்பு, கேளுங்கள். கொஞ்சம் பிரீமியம் கூடும், கொடுத்துவிடலாம். ஏஜென்டிடம் போனில் சொன்னது எதுவும் என் கைக்கு வரும் ஃபைலில் இருக்காது.