வெடிச்ச கோது வெளியில வரேல்லை

காங்கேசன்துறைப் பக்கம் காவல் வேலை. கையில 12 போர் (குழலின்ர அளவு) பம்ப் துவக்கு; முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தா வெடிச்ச தோட்டாவின்ர வெறும் கோது வெளியில விழும். பயிற்சியில ஒரு வெடி வெடிச்சதும் முன்பிடி பின்னுக்கு வரேல்லை. பலமா இழுத்தாத்தான் கோது வந்தது. அடுத்ததும் அப்படியே.

முதல்ல எண்ணெய் விட்டன். பிழை. ஊத்தைதான் ஒட்டினது. பிறகு தோட்டாப் பெட்டியை மாத்திப் பாத்தம், கோதை இழுக்கிற கொக்கியின்ர சுருளையும் மாத்தினம். நாலு நாள் போச்சு. குழலைத் தினமும் புருசால துடைச்சனான், உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி மினுங்கிச்சு.

கடைசியில வெடிச்ச கோதைத்தான் உத்துப் பாத்தன். பித்தளைக்கு மேல பிளாஸ்டிக்கில நெடுகக் கீறல். தோட்டாக்களை எல்லாம் அப்புறப்படுத்தி, குழலின்ர பின்பக்கத்தில தோட்டா இருக்கிற அறையும் மகசீனும் வெறுமை எண்டு கண்ணாலயும் விரலாலயும் பாத்து, குழலைக் கழட்டிப் பின்பக்கத்தால டோர்ச் அடிச்சன். அந்த அறையில உப்புக்காத்துத் துருவும் உருகின பிளாஸ்டிக்கும்.

விசயம் இதுதான்: குழலின்ர உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர், அறையின்ரது 20 இக்கு மேல. குழல் புருசு அறைச் சுவரில முட்டவே இல்லை! அதே பித்தளைப் புருசில துணி சுத்தித் தடிப்பாக்கி, கரைப்பானில நனைச்சு, அறைக்குள்ள இருபது தரம் சுழட்டினன். துணி கறுப்பா, செம்மண் நிறமா வந்தது. உலரத் துடைச்சு, மெல்லிசா எண்ணெய் பூசினன். சுட முந்தி அதையும் துடைச்செடுக்கோணும்.

அடுத்த பயிற்சியில முன்பிடியை இழுக்க இழுக்கப் பத்துக் கோதும் லேசா விழுந்தது. அப்பாடா.